கிடைக்காத ஊசிமுனை

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். ஷாஹின் வந்து எதிரில் நின்றாள்.

"அக்கா, சாப்ட்டுட்டு வாங்க. ஒண்ணு காட்டணும்... இல்ல, இப்பவே வாங்களேன்."

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் கம்பெனி பஸ் ஏறி, தோல் ஷூ தைக்கிற ஃபேக்டரிக்குப் போய், நாளெல்லாம் ஷூவைத் திருப்பி, வளைத்து, முகர்ந்து பார்த்து, 'இது சரியில்லை' என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். குவாலிட்டி கன்ட்ரோல்! வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது என் கணவரின் புகார்.

ஷாஹின் தையல் லைனில் மிஷின் ஓட்டுகிறவள். கோட்டக்குப்பத்துப் பெண். கணவர் துபாயில், பையன் எல்.கே.ஜி.யில்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். உடைந்த ஊசி. முனையைக் காணோம்.

"எப்போ உடைஞ்சுது?"

"சனிக்கிழமைக்கா. டார்கெட் ஓடிட்டிருந்துது. பக்கத்து மிஷின்ல ஒரு ஊசி வாங்கி மாட்டிட்டேன். முனையைக் கீழ தேடிப் பார்த்தேன்... கிடைக்கல."

எங்கள் தொழிலில் ஊசி உடைவது குற்றமே இல்லை. ஆனால் உடைந்த துண்டுகள் அத்தனையையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மிஷினில் தைத்தது எதுவும் வெளியே போகக் கூடாது. ஏன்? அந்தத் துண்டு எங்கேயோ இருக்கிறது. தரையில் இருக்கலாம். தோலுக்கும் உள்துணிக்கும் நடுவிலும் இருக்கலாம்.

சனிக்கிழமை அந்த லைனில் ஓடியது குழந்தைகள் ஷூ. எக்ஸ்போர்ட். பக்கிள் வைத்தது என்பதால் மெட்டல் டிடெக்டரில் விட்டால் எல்லா ஜோடிக்கும் கத்தும். கையால்தான் தேட வேண்டும். அந்த ஷூவெல்லாம் பெட்டிக்குள் போய், பெட்டியெல்லாம் லாரிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

லைன் சூப்பர்வைசர் ரஃபீக் பாயிடம் ஓடினேன்.

"தரையில விழுந்திருக்கும் மேடம், பெருக்கித் தள்ளியிருப்பாங்க. பொட்டியெல்லாம் பிரிச்சா இன்னிக்கு லாரி போவாது. என்னைத்தான் கேப்பாங்க."

"பிரிக்கணும் பாய்."

"பிரிச்சும் கிடைக்கலன்னா?"

"கிடைக்கலன்னாலும் பிரிக்கணும்."

குரல் என்னவோ கறாராகத்தான் வந்தது. உள்ளுக்குள் பயம்தான். லாரியை நிறுத்திவிட்டு வெறுங்கையோடு மேனேஜர் முன்னால் போய் நிற்பது சாதாரணமா?

ரஃபீக் பாய் ஷாஹின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மூணு நாளா வாயத் தொறக்கல... லாரி வந்தப்புறம்தான் தொறப்பியா?"

நியாயமான கேள்விதான். அவள் தலை நிமிரவில்லை.

"காலைல என் பையன் ஷூ போட மாட்டேன்னு அழுதான் பாய். குத்துதும்மான்னான். எனக்கு பஸ்ஸுக்கு லேட்டாச்சு. சும்மா இருடான்னு அதட்டி மாட்டி விட்டுட்டேன். பஸ்ஸுல வந்து உக்காந்தப்புறம்தான்..." உள்ளங்கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். "அங்கயும் ஒரு அம்மா இப்டித்தான் மாட்டி விடுவாங்க."

ரஃபீக் பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார்.

"ஏம்பா, எல்லாத்தையும் இறக்குங்க!"

தையல் லைன் மொத்தமும் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு ஷூவாக எடுத்து, காந்தத்தால் தடவி, கட்டைவிரலால் அழுத்தி... மேனேஜர் வந்தார், பார்த்தார், போனார். திரும்பவும் வந்தார். பார்த்து முடித்த பெட்டிகள் சுவர்போல ஏறிக்கொண்டே போயின. ஒன்றும் இல்லை. பிரிக்காத பெட்டிகள் கொஞ்சம்தான் மிச்சம். நான் மனசுக்குள் மேனேஜருக்குப் பதில் தயார் பண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"மேடம்..."

ரஃபீக் பாயின் கையில் சின்னதாக ஒரு ஷூ. கட்டைவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

குதிகால் பக்கம், உள்துணியை ஒட்டி இருந்தது அந்த முனை. அரிசி நொய் அளவுதான். காலை அழுத்தி மாட்டியிருந்தால் நேராக ஏறியிருக்கும்.

யாரும் கை தட்டவில்லை. ஷாஹின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அழுவாதம்மா," என்றார் ரஃபீக் பாய், விரலை உதறிக்கொண்டே. "எனக்குத்தான குத்திச்சு... புள்ளைக்கு இல்லல்ல?"

லாரி மறுநாள்தான் கிளம்பியது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மறைச்சது யாரு?" என்றார். "சொன்னது யாருன்னு கேளுங்க சார்" என்றேன். அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஷாஹின் அதே மிஷினில்தான் இருக்கிறாள்.

என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இப்போதும் உண்டு, பொய் சொல்வானேன்? ஆனால் அன்று என் கண் எதையும் பிடிக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் மீறி ஒருத்தி வந்து சொன்னாள். திட்டிய வாயோடு ஒருவர் தரையில் உட்கார்ந்து தேடினார். இவர்களோடுதான் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் வருகிற பெருமை இருக்கிறதே... அது வேறு ரகம்.

மறுநாள் காலை ரஃபீக் பாய் லைன் முன்னால் நின்று சொன்னார்: "ஊசி உடைஞ்சா வந்து சொல்லுங்க. திட்ட மாட்டேன். லேட்டா வந்து சொன்னாத்தான் திட்டுவேன்."

சொன்னார்கள். அன்றே ஒருத்தி, மறுநாள் இன்னொருத்தி, ஊசியும் முனையுமாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். வாரக் கடைசியில் மேனேஜர் என்னை நிறுத்தி, "என்னங்க இது, இப்பல்லாம் ஊசி இவ்ளோ உடையுது?" என்றார்.

"எப்பவும் போலத்தான் சார் உடையுது. இப்பத்தான் சொல்றாங்க."