நாற்பது வீட்டு அரிசி

திண்டிவனம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதே சவுரிராயனுக்குப் பயந்துதான். நிற்காமல் போனால் அவர் பின்னாலேயே ஓடிக் கடைசிப் பெட்டியைப் பிடித்து இழுத்துவிடுவார் என்று விழுப்புரம் வரைக்கும் எல்லா டிரைவருக்கும் தெரியும். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தை அப்படியே ஒரு கோணியில் அள்ளிப்போட்டு, வாயைத் தைத்து, அவர் முதுகில் ஏற்றிப் பாருங்கள். "அவ்ளோதானா? இன்னொண்ணு வைங்க" என்பார். பூமியை யாராவது தூக்கி அந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்று கடவுளுக்கு எப்போதாவது தோன்றினால், ஆள் அனுப்புவது எங்கள் தெருவுக்குத்தான்.

இதில் உண்மை எவ்வளவு என்று கேட்டால், முதுகு உண்மை. மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவர். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு மண்டிக்குள் வந்தவர், அப்பா போன பிறகும் வெளியே வரவில்லை. வயது ஐம்பத்தைந்தா அறுபதா என்பது கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துக்குத்தான் தெரியும். பிள்ளை இல்லை. மதலேனாள் என்று ஒரு மனைவி இருந்தார். மண்டி வாசலில் மல்லாட்டை உடைக்கிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவரை, மூட்டைக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்துத்தான் கல்யாணம் செய்துகொண்டாராம். ஆறு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் அந்த அத்தை இறந்துபோனார்.

நான் இன்னாசி. எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை நின்று, பிறகு நானே பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எங்கள் வீட்டுக்கும் சவுரி மாமா வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். இங்கே தும்மினால் அங்கே "மாதாவே" என்பார்கள். அத்தை போன பிறகு அந்தப் பக்கம் தும்மலும் இல்லை. பேச்சு மட்டும் இருந்தது. மாமா சாயந்தரம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைக்கு எத்தனை லாரி வந்தது, யார் கால் நசுங்கியது, மழை வருமா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் எனக்குப் புத்தி குறுகுறுத்தது. சுவரில் வாயை வைத்து, பெண் குரலில், "என்னாங்க, சாப்ட்டீங்களா?" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் அங்கே சத்தமில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் சுவரில் காதை வைத்துப் படுத்துக் கிடந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி எடுக்கும்போதெல்லாம் முதலில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். அது பிடி அரிசி, ஆண்டவருடைய பங்கு. ஞாயிற்றுக்கிழமை பையில் கட்டிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இருக்கும் மூட்டையில் கொட்டுவார்கள். நாற்பது வீட்டுப் பிடியும் சேர்ந்து, சாமியார் சொல்கிற ஏழை வீடுகளுக்கு மாதக் கடைசியில் போகும். வீட்டில் பெண்கள் செய்கிற வேலை இது. பெண் இல்லாத வீட்டிலிருந்து அதை விடாமல் கொண்டுவந்தவர் சவுரி மாமா ஒருவர்தான். மூட்டை தூக்கிய கையில் ஒரு பிடி என்றால், மற்ற வீட்டில் இரண்டு பிடி.

வாசலில் அந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான். பக்தியால் இல்லை. தீர்த்தத் தொட்டியில் தவளை விட்டதற்குச் சாமியார் கொடுத்த ஒரு வருஷ தண்டனை.

இப்போது துரைக்கண்ணுவைச் சொல்ல வேண்டும். அவர் வாசல் வேறு தெரு, வேறு சாதி, வேறு சாமி. கொல்லை மட்டும் சவுரி மாமா கொல்லையோடு முதுகு ஒட்டியது, நடுவில் ஒரு முள்வேலி. நிலம் இருந்த குடும்பம். நிலம் போய்விட்டது, நினைப்பு போகவில்லை. எங்கள் பக்கத்துக் கோழி அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பினால்கூட, போன இடத்தில் தண்ணீர் தெளிப்பார். இந்த எண்பத்து மூன்றாம் வருஷம், மழையே இல்லாத கோடையில், கிணற்று மேட்டில் சறுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். இன்னும் நாலைந்து மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மனைவி இல்லை. வளவனூரில் கட்டிக்கொடுத்த மகள் அம்சவள்ளி வந்து பத்து நாள் இருந்தாள். மாமியார் ஆள் அனுப்பியதும் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அவர் தெருக்காரர்கள் ஒரு வாரம் சோறு கொண்டுவந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் நம்பி எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஒரு காலை சவுரி மாமா முள்வேலியை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவதைப் பார்த்தேன். அடி விழப்போகிறது என்ற ஆசையில் நானும் வேலியோரம் போய் நின்றேன்.

"யார்ரா அது?"

"நான்தாங்க, பின்னாடி ஊட்டு சவுரி."

"இன்னாத்துக்கு வந்த?"

"ரெண்டு நாளா அடுப்புல பொகையே காணமேன்னு வந்தேங்க."

"உன் ஊட்டுச் சோறு எனக்கு எறங்காது. போ."

"தெரியுங்க. சோறு கொணாரல. அரிசிதான் கொணாந்தேன். பானை உங்குது, தண்ணி உங்குது."

துரைக்கண்ணு கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பசி யோசிக்கிற மாதிரி இருந்தது. "உலையில யாரு போடறது?"

மாமா பானையில் தண்ணீரை ஊற்றிக் கட்டிலுக்கே தூக்கிக்கொண்டு வந்தார். "நீங்களே போடுங்க."

படுத்தபடி கையை நீட்டி, துரைக்கண்ணு அரிசியைப் பானையில் போட்டார். "பாத்துக்கோ. சமைச்சது நானு."

"நீங்கதாங்க. நான் அடுப்பு ஊதற ஆளு."

அன்றிலிருந்து தினமும் இது நடந்தது. காலையில் மண்டிக்குப் போகுமுன் பானை கட்டிலுக்கு வரும், துரைக்கண்ணு சமைப்பார், மாமா ஊதுவார், வடிப்பார், ஊட்டுவார், துடைப்பார், மலச்சட்டி எடுப்பார். இதற்கெல்லாம் துரைக்கண்ணு வாயிலிருந்து வந்தது, "ஜல்தியா பண்ணுடா, எறும்பு மொய்க்குது" என்பது மட்டும்தான்.

மழை இல்லாததால் மல்லாட்டை இல்லை. மண்டியில் வேலை வாரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒரு ஆள் அரிசியில் இரண்டு ஆள். கோயில் வாசலுக்குச் சவுரி மாமா வெறுங்கையோடு வந்தார்.

"பை எங்க மாமா?"

"மறந்துட்டேன்டா."

நான்கு வாரம் மறந்தார். அதைவிட, பூசையில் எல்லோரும் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது அவர் மட்டும் கடைசித் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நன்மை வாங்காத ஆள் என்றால் பெரிய பாவத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். பெண்கள் முக்காட்டுக்குள் பேசினார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக இரண்டு தூண் முன்னால் போய்விட்டார்கள். கடைசித் தூணுக்கு அவர் ஒருவர்தான்.

பூசை விட்டு வரும்போது கேட்டேன். "இன்னா மாமா, சாராயமா? ஊரே சொல்லிக்கினு கீது."

"சொல்லட்டும்."

"நெசத்த சொல்லேன்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார். "கலயத்து அரிசிய எடுத்துத் துரைக்கண்ணுக்கு ஆக்கிப் போட்டுக்கினு கீறேன்டா. ஆண்டவருக்குன்னு எடுத்து வெச்சது அது. திருட்டுதானே?"

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்லிட்டுப் போயேன்."

"அங்க மண்டி போட்டு இன்னா சொல்லணும்? இனிமே இந்தப் பாவத்த செய்யமாட்டேன்னு சொல்லணும். நாளைக்குக் காலைல செய்யப் போறேனே. சாமியார்கிட்ட பொய் சொல்றதா?"

சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சிரித்து அனுப்பியிருப்பார் என்று எனக்கே தோன்றியது. மாமா கேட்கமாட்டார். மூட்டையை இறக்கச் சொல்லாமல் இறக்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அந்த வாரம்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொன்று கண்டுபிடித்தேன். சாயந்தரப் பேச்சு மறுபடி நின்றுபோயிருந்தது; கரண்டி சட்டியில் மோதும் சத்தம் மட்டும் வழக்கம்போல வந்தது. ஆனால் சோறு இருக்கிற சட்டி மொத்தென்று கேட்கும். இது கணீரென்று கேட்டது. மாமா காலிச் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்க வேண்டும் என்று தட்டினார். ஊரை ஏமாற்றுவதில் கரை கண்டவன் நான். என்னிடமே வேலை காட்டினார்.

மறுநாள் சிந்தின மல்லாட்டை பொறுக்க மண்டிக்குப் போனபோது, அவர் மூட்டையோடு முழங்கால் மடங்கி விழுந்தார். கோணி கிழிந்து மல்லாட்டை தரையெல்லாம் ஓடியது. மேஸ்திரி சீனுவாசன் கெட்டவர் இல்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் சொன்னார். "சாப்டியா சவுரி?"

"ஆச்சுங்க."

"இன்னொரு வாட்டி மூட்டைய கீழ உட்டீன்னா நான் வேற ஆளு பாக்க வேண்டியதுதான். தப்பா நெனச்சிக்காத. மொதலாளி பேஜாரு பண்ணுவாரு."

இன்னொரு தடவை விழுந்தால் மண்டி போயிற்று. மண்டி போனால் முதுகு ஒட்டிய இரண்டு வீட்டிலும் அடுப்பு போயிற்று. கணக்கில் நான் முட்டைதான், ஆனால் இந்தக் கணக்கு எனக்கு வந்தது.

அரிசி எங்கே இருக்கிறது? என் கையிலேயே. ஞாயிற்றுக்கிழமை மூட்டையைக் கோயில் அறையில் வைக்கிறதும் நான்தான், சாவி மாட்டுகிறதும் நான்தான். இரண்டு படி எடுத்து, மாமா மண்டிக்குப் போன நேரத்தில் அவருடைய கலயத்தில் கொட்டிவிட்டு வந்தேன். பார்த்ததும் ஆண்டவர் கொடுத்தார் என்று தின்பார், நானும் சுவருக்கு இந்தப் பக்கம் தேவதூதன் மாதிரி படுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பையோடு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "கலயம் நெறஞ்சிட்டுதுடா இன்னாசி. ஆண்டவர் பங்கு கொறையக் கூடாதுன்னு அவரே நெறச்சிட்டாரு" என்று, நான் திருடிய இரண்டு படியையும் நான் பிடித்திருந்த மூட்டையிலேயே கொட்டினார்.

திரும்ப எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். திரும்பக் கொண்டுவந்து கொட்டினார். அந்த இரண்டு படி அரிசி கோயிலுக்கும் வீட்டுக்கும் மூன்று வாரம் நடந்தது. சாவு வீட்டுக்குக்கூட நான் அத்தனை தடவை நடந்ததில்லை. வாங்கிய தவளைத் தண்டனையே தேவலை என்று ஆயிற்று.

பிறகுதான் புத்தி வந்தது. கலயத்தில் போட்டால் ஆண்டவருடையது. உலைக்கு எடுக்கிற தகர டப்பாவில் போட்டால் அவருடையது. நான்காம் வாரத்திலிருந்து வாராவாரம் டப்பாவில் கொட்டினேன். கொட்டிய முதல் நாள் சாயந்தரம் சுவரில் காதை வைத்தேன். கரண்டி மொத்தென்று கேட்டது. இரண்டு தடவை கேட்டது. அப்புறம், வெகுநாள் கழித்து, "இன்னிக்கு ரெண்டு லாரி வந்துது" என்று மாமா யாருக்கோ சொல்லத் தொடங்கினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பதில் சொல்லவில்லை.

ஆடி மாதம் துரைக்கண்ணு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அன்றும் மாமா பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். துரைக்கண்ணு அரிசியையும் பார்த்தார், மாமாவின் கையையும் பார்த்தார்.

"நீயே போடு. எனக்குக் கை வலிக்குது."

கை நன்றாகத்தான் இருந்தது. அதே கையால் முந்தின நாள் என் மேல் சொம்பை எறிந்திருந்தார். மாமா அரிசியைப் போட்டார். அடுப்பில் சுள்ளி வெடித்தது.

நேற்று சனிக்கிழமை. சாயந்தரம் மாமா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"டேய் இன்னாசி, இத கொஞ்சம் பொறுக்கிக் குடு. எனக்குக் கண்ணு தெரியல."

முறத்தில் அரிசி இருந்தது. உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தேன். ஒரு அரிசியை விரலால் தள்ளிக் காட்டினார். "இது இன்னா?"

"புழுங்கல்."

"இது?"

"பச்சரிசி."

"இது?"

"செவப்பு."

"மோந்து பாரு. இது?"

"ரேஷன்..." என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் ஒரே கடையில ஒரே புழுங்கல் வாங்கறவன். ஒத்த ஆளு டப்பாவுல நாப்பது வீட்டு அரிசி எப்படிடா வந்துது?"

"ஆண்டவரு..."

"பொய் சொல்ல உனக்கு வராதுடா. அன்னிக்குச் செவுத்துக்கு அந்தாண்டருந்து மதலேனா மாதிரி பேசினியே, அப்பவும் வரல. அவ என்னை ஒரு நாளும் 'என்னாங்க'ன்னு கூப்ட்டதில்ல. 'இந்தாய்யா'ன்னுதான் கூப்புடுவா."

முறத்தில் எது கல், எது அரிசி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. குனிந்தபடியே இருந்தேன். அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பூசைக்கு முன்னாடி சாமியார்கிட்ட மண்டி போடுவியா?"

"போடறேன் மாமா."

"இனிமே செய்யமாட்டேன்னு சொல்லுவியா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து துரைக்கண்ணு, "டேய் சவுரி, அடுப்பு அணைஞ்சிட்டுதுடா" என்று கத்தினார்.

"எப்படி மாமா சொல்றது?" என்றேன்.

மாமா முறத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தார். "அப்ப நாளைக்கு நீயும் எங்கூட கடைசித் தூணாண்ட வந்து உக்காரு. ஆனா கொஞ்சம் தள்ளி உக்காரு. நீ ஓயாம பேசுவ."