மோட்டார் புத்தக அட்டைக்குள் பைபிள்

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம். பரமத்தி வேலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்புவேன். கிரகணத்தன்று கடைவாசலில் நின்று சோறு தின்றவன். நர்சம்மா ஒருவர் தந்த பைபிளையும் கேள்விக்குறி போட்டுப் போட்டுத்தான் படித்தேன். ஊர் வாய்க்குப் பயந்து அதற்கு மோட்டார் புத்தகத்தின் அட்டையைப் போட்டேன். அதுதான் தப்பு.

ஒருநாள் என் மைத்துனர், காயிலுக்கு எத்தனை சுற்று என்று பார்க்க அதைப் பிரித்துவிட்டார்.

"மாமா, இதுல ஆதாம் ஏவாள்தான் இருக்கறாங்க. சுத்தைக் காணோமுங்க!"

மோட்டாருக்குக் காத்திருந்த வெற்றிலைக் கொடிக்கால் விவசாயி எழுந்தார். "ஏனுங்க, எத்தனை மூட்டை மிஷன் கோதுமைக்கு மதம் மாறுனீங்க?"

"மாறலீங்க. படிச்சுத்தான் பாக்கறனுங்க."

"மாறலீன்னா அட்டை எதுக்குங்க?" என்று சிரித்தபடி, மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

கோதுமையாம்! ஒரு மனுசன் யோசித்துப் படித்தால் அதற்கும் விலை பேசுவார்களா? ஆனால் அட்டையைப் பற்றி அவர் கேட்டது சரிதான். கிரகணத்துக்கு அஞ்சாதவன் அக்கம்பக்கத்துக்கு அஞ்சியிருக்கிறேன்.

அன்றே அட்டையைக் கிழித்தேன். மறுநாள் முதல் கடை மேசையிலேயே விரித்து வைத்துப் படித்தேன். மாறிவிட்டீர்களா என்று யாராவது கேட்டால், "இன்னும் பாதிதானுங்க ஆயிருக்குது. உக்காருங்க, நீங்களும் ரெண்டு பக்கம் படிங்க" என்பேன்.