கேன்டீனுக்கு ஸ்டாப் கொடுத்தேன், நின்றது லேப்

ஏ.சி. தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் சொட்டும் சத்தம்... பக்கத்து லேபிலிருந்து கசிந்து வரும் ஸ்பிரிட் வாடை. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அதன் அடித்தளத்தில் சர்வர் அறை. என் முதல் வேலை அங்கேதான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த நகரின் கழக்கூட்டம் பகுதியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்து, அந்த ஆஸ்பத்திரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள அனுப்பியிருந்தது. கேரள எல்லையை ஒட்டிய குழித்துறையிலிருந்து வந்தவள் என்பதால் பாதித் தமிழ், பாதி மலையாளம் பேசிச் சமாளித்துவிடுவேன்.

அந்தக் காலத்தில் சர்வரில் பின்னணியில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், அதாவது சர்வீஸுக்கும், அதைத் தொடங்கவும் நிறுத்தவும் நாங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைக்க வேண்டும். அதற்கென்று சில முறைகள் உண்டு. ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட், ஸ்டேட்டஸ் என்று நான்கு பகுதிகளாவது இருக்க வேண்டும். வேலை முடிந்தால் பூஜ்யம், முடியாவிட்டால் வேறு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். சர்வீஸ் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் அடையாள எண்ணை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைப்போம். நிறுத்தும்போது அந்த ஃபைலைப் படித்து, அந்த எண்ணுள்ள சர்வீஸை நிறுத்துவோம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவசரம்...

கேன்டீனில் அன்றன்றைய மெனுவைத் திரையில் காட்ட ஒரு சர்வீஸ் வேண்டும் என்றார்கள். லேப் ரிப்போர்ட்டுகளை வார்டுக்கு அனுப்பும் சர்வீஸின் ஸ்கிரிப்டை அப்படியே காப்பி செய்து பெயரை மாற்றினேன். ஸ்டேட்டஸ் பகுதியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எது நடந்தாலும் கடைசியில் பச்சை எழுத்தில் 'ஓகே' என்று வரும்படி எழுதி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும். கேன்டீனிலிருந்து போன்.

"மேடம், மீன்கறி தீர்ந்து போச்சு. ஸ்க்ரீன்ல இப்பழும் காட்டுது கேட்டோ."

ரீஸ்டார்ட் கொடுத்தேன், அதாவது நிறுத்தி மறுபடி தொடங்கச் சொன்னேன். பச்சையில் 'ஓகே'. பத்து நிமிடத்தில் மறுபடியும் போன், மீன்கறி போகவில்லை என்று. மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் 'ஓகே'. பிரவுசர் பழையதையே பிடித்து வைத்திருக்கும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரண்டு மணிக்கு லிஸ்ஸி சிஸ்டர் படியிறங்கி ஓடி வந்தார். மூன்றாம் மாடி வார்டு நர்ஸ், பாறசாலைக்காரர். மூச்சு வாங்கும் அந்த முகம்தான் எனக்கு முதலில் தெரிந்தது.

"பிள்ளே, காலத்த எடுத்த ரத்த ரிப்போர்ட் எனக்கு வரவே இல்ல. லேப்ல கேட்டா பன்னெண்டு மணிக்கே விட்டாச்சுன்னு பறயுதாங்க. அந்த ஆளுக்குப் பொட்டாசியம் ஏழு! ஹார்ட் நின்னு போவும், தெரியுமா?"

கையில் லேபிலிருந்து வாங்கிய காகிதத்தைப் பிடித்தபடியே திரும்பி மாடிக்கு ஓடினார்.

முன்பெல்லாம் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் லேபில் இருப்பவர்கள் போன் செய்து சொல்வார்கள். வார்டுத் திரையில் சிவப்பில் வந்துவிடும் என்று நம்பி, கொஞ்ச நாளாக அதை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சிவப்பைக் கொண்டு போகும் சர்வீஸ் செத்துக் கிடந்தது. பதினொன்றரையிலிருந்து, நான் ரீஸ்டார்ட் கொடுத்த நேரத்திலிருந்து.

என் கேன்டீன் ஸ்கிரிப்டைத் திறந்தேன். ஸ்டார்ட் பகுதியில் ஃபைலின் பெயரை கேன்டீனுக்கு மாற்றியிருந்தேன். ஸ்டாப் பகுதியில் மாற்றவில்லை. அங்கே லேபின் ஃபைல் அப்படியே இருந்தது.

கேன்டீனை நிறுத்துகிறேன் என்று நினைத்து லேபை நிறுத்தியிருக்கிறேன். பிறகு கேன்டீனைத் தொடங்கச் சொன்னபோது, அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் தொடங்கவே இல்லை; மீன்கறியும் போகவில்லை. அதற்கும் என் ஸ்கிரிப்ட் 'ஓகே' சொல்லியிருக்கிறது.

கீபோர்டில் ஒரு வார்த்தையை மூன்று தடவை தப்பாக அடித்தேன். லேப் சர்வீஸைத் தொடங்கிவிட்டு நானும் மாடிக்கு ஓடினேன்.

அந்த நோயாளி விழிஞ்ஞம் ஹார்பரில் படகு வைத்திருந்தவர். குளச்சல் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். டாக்டர் அருகில் நிற்க, லிஸ்ஸி சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வார்டு கம்ப்யூட்டரில் அடைபட்டிருந்த ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர், "இனி பேடிக்கண்டா" என்றார், இனிப் பயப்பட வேண்டாம் என்று.

படகுக்காரரின் மனைவி என்னிடம் வந்தார். யாரோ அவரிடம், கம்ப்யூட்டரைச் சரி செய்தது இந்தப் பெண்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மக்ளே, நீ ஓடி வந்து ரெடியாக்கித் தந்தியாமே. நீ நல்லா இருப்பே."

சத்தியமாகச் சொல்கிறேன்... அந்த நாளில் என்னை அதிர வைத்தது பொட்டாசியம் ஏழு இல்லை. இந்த வார்த்தைதான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் லிஸ்ஸி சிஸ்டரிடமும் என் மேனேஜரிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மேனேஜர் திட்டவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுபோல எத்தனை காப்பி அடிச்சே?"

பதினொன்று. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். இன்னும் இரண்டில் அதே தப்பு இருந்தது. இரண்டையும் அப்போதே திருத்தினோம்.

இப்போது சர்வீஸ்களைக் கவனித்துக்கொள்ள சிஸ்டம்டி என்ற மென்பொருள் வந்துவிட்டது. பத்து வரி எழுதினால் போதும். எந்த சர்வீஸ் யாருடையது, உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது. என் டீமில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால், "கையாலயா எழுதுவீங்க சேச்சி?" என்று சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இன்று அந்தத் தப்பு நடக்க வழியே இல்லை. ஆனாலும் விழிஞ்ஞம் பக்கம் போகும்போதெல்லாம், ஹார்பரில் நிற்கும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். அன்று என் கையைப் பிடித்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. எதிரில் வந்தால், "அம்மா, அன்னைக்கு அதை நிறுத்துனதே நான்தான்" என்று சொல்லிவிட வேண்டும்.

இன்னும் அவரைப் பார்க்கவில்லை.