சிவப்பு விழுந்த எண்

“என் டேபிள்ல ஒரு நம்பரைக் காணோம். அதை எடுக்கறதுக்கு நீங்க யாருங்க?”

போனில் வணக்கம்கூட இல்லை. பேசியவர் சென்னையில் புரதங்களை ஆராயும் ஒரு பெண். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புரதத்தை என்.எம்.ஆர். கருவியின் பெரிய காந்தத்துக்குள் வைத்து, அதிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சிக்னல் தருகிறது என்று அளப்பார்கள். அந்த எண்ணுக்குக் கெமிக்கல் ஷிப்ட் என்று பெயர். உலகம் முழுவதிலுமிருந்து வரும் அந்த அட்டவணைகளைச் சரிபார்த்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு திறந்த காப்பகத்தில் ஏற்ற வேண்டும். காப்பகம் வெளிநாட்டில் இருந்தது. சரிபார்ப்பில் ஒரு பகுதி குன்னூரில் எங்களிடம் காண்ட்ராக்ட்.

பச்சைத் தேயிலை விலை அடியோடு விழுந்திருந்த காலம் அது. மூடிக் கிடந்த ஒரு டீ பேக்டரியில், இலை வாட்டும் மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மழை நாளில் மரப்பலகையிலிருந்து டீ வாசனை கிளம்பும். எனக்கு அந்த ஆபீஸ் ரொம்பப் பிடிக்கும்.

அதே பேக்டரியில், டீத்தூளைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர் முருகேசன். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு எங்களிடம் ட்ரையலில் சேர்ந்திருந்தார். தேறாவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அவரோடு வேலை பார்த்த பலர் அப்படித்தான் மலை இறங்கிப் போனார்கள்.

சென்னை போனை வைத்ததும் முருகேசனைக் கூப்பிட்டேன்.

“இந்த என்ட்ரி நீங்க பார்த்ததா?”

“ஆமாங்க மேடம். ஒரு நம்பருக்கு செவப்பு உழுந்துச்சுங்க. எடுத்துப்போட்டனுங்க.” பெருமையாகத்தான் சொன்னார்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். சார்ட்டிங்கில் குச்சியும் நாரும் கண்ணில் பட்டால் கை தானாக எடுத்துப்போடும். இங்கே கம்ப்யூட்டர் ஒரு எண்ணைச் சிவப்பாகக் காட்டினால், அது வழக்கமான அளவுக்கு வெளியே இருக்கிறது, அனுப்பியவரைக் கேள் என்று அர்த்தம். அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த எண் பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. அங்கே ஒரு அணுக்கூட்டம், வளையம் போன்ற இன்னொரு அணுக்கூட்டத்துக்கு நேர் மேலே படிந்திருந்ததால்தான் அப்படி. புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. சென்னைக்காரரின் கட்டுரையே அதை நம்பித்தான் நின்றது.

வந்த பைலை வந்தபடியே தனியாக வைப்பது எங்கள் வழக்கம். அதனால் எண் பத்திரமாக இருந்தது. ஆனால் மேனேஜர் சதாசிவம் சார் பயந்துவிட்டார்.

“சத்தமில்லாம திரும்ப ஏத்திருங்க. மேலிடத்துக்குத் தெரிஞ்சா காண்ட்ராக்டே போயிருமுங்க.”

எனக்கு ஆத்திரம் வந்தது. “யார் யார் இந்தத் தப்பான டேபிளை டவுன்லோடு பண்ணி வச்சிருக்காங்களோ சார்! என்ன மாத்தினோம்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுனா யார் பண்ணுனதுன்னு கேப்பாங்க.”

கதவருகே நின்ற முருகேசன் சொன்னார்: “நாந்தான்னு சொல்லுங்க சார். ஏலத்துக்குப் போன டீத்தூள் மூட்டைல கிரேடு மாறிருந்தா, வாங்குனவரு பிரிக்கறதுக்கு முந்தி நாமளே சொல்லிப்போடோணும். அப்பத்தான் மறுக்காவும் நம்மகிட்ட வாங்குவாங்க.”

எண்ணைச் சேர்த்தோம். மாற்றத்தையும் எழுதினோம். சென்னைக்காரர் நன்றி சொன்னார். மேலிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சதாசிவம் சார் மட்டும் முருகேசனிடம், “உங்க விஷயம் திங்கக்கெழம பேசிக்கலாம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு மனசே சரியில்லை.

திங்கட்கிழமை முருகேசன் முந்திக்கொண்டார். தான் பார்த்த என்ட்ரிகளை எல்லாம், யாரும் கேட்காமலே, மூல பைலோடு ஒப்பிட்டிருக்கிறார். இன்னொரு எண்ணையும் அவர் எடுத்துப்போட்டிருந்தார். அதைப் பற்றி ஒருத்தரும் புகார் செய்யவில்லை. தானாகவே போய் சாரிடம் சொன்னார். இந்த மனுஷனுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணை முதலில் பழையபடி சேர்த்துவிட்டு, அனுப்பியவருக்கு மெயில் போட்டோம். மறுநாள் பதில் வந்தது: அது அவர் டைப் செய்தபோது நேர்ந்த பிழையாம், எடுத்துவிடலாமாம்.

சார் இருமல் வரும்வரை சிரித்தார். “நீங்க எடுத்தது சரிதான் போலிருக்குங்களே முருகேசன்!”

முருகேசன் சிரிக்கவில்லை. “தப்பா இருந்தாலும் அது அவிங்க நம்பருங்க சார். அவிங்க சொல்லாம நாம எப்படிங்க எடுக்கறது?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செரி, திருப்பூர் பஸ்சு நீங்க இல்லாமயே போகட்டும் உடுங்க. உங்க சீட்டுக்குப் போங்க.”

புரியாத எண்ணைத் தொடாதே, அனுப்பியவரைக் கேள். இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தரும் வேலையைப் பிறகு முருகேசனிடமே கொடுத்தோம். அவர் எப்போதும், “மொதல்ல நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்.