வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த சடைமுயல்கள்

மொன்றியலுக்கு வந்து ஒன்றரை வருடத்துக்குள் இந்திராதேவிக்கு மூன்று வேலைகள் இல்லாமல் போயின. இரண்டு தையல் தொழிற்சாலைகள் ஆட்குறைப்பில் அவரை அனுப்பிவிட்டன. மூன்றாவது, கோழி இறைச்சி பொதி செய்யும் இடம். அங்கே அவர் நின்றது இருபது நிமிடம். மேசையில் வந்து விழுந்ததைப் பார்த்தார். போட்ட கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சொல்லிப்போட்டு வந்தனீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம். 'சொறி' எண்டு இங்கிலிசில சொன்னனான்."

அப்போது சென்ட் லோரன்ட்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். நான் திருகோணமலைக்காரி, பெயர் றோஸ்மேரி. மருந்துப் போத்தல்களுக்கு மூடி போடுவது என் வேலை. இந்திராக்காவும் நானும் ஒரே அறை. அவருக்கு யாழ்ப்பாணத்தில் இணுவில். சங்கக்கடையில் பதினாறு வருடம் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவர். நாற்பத்திரண்டு வயது, கலியாணம் செய்யவில்லை. முட்டை கூடத் தொடாத சைவம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரச் சாப்பாடு. எங்கள் அகதி வழக்குகள் எப்போது எடுபடும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது. வேலையால் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது கடிதப் பெட்டியைத்தான்.

1988 தை மாதம், அகதிகளுக்கு உதவி செய்யும் ஒரு தேவாலய அலுவலகத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை விமலநாதன் எழுதிக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காகப் படித்தவன் அவன் ஒருவன்தான். ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய் என்ற ஊருக்கு அப்பால் ஒரு முயல் பண்ணைக்கு, பொறுமையான கையுள்ள பெண் ஒருவர் தேவையாம்.

"முயல் எண்டால் இறைச்சிக்குத்தான் அக்கா. இஞ்சத்தைய சனம் விரும்பிச் சாப்பிடும். உங்களுக்குச் சரிவராது," என்றான்.

"நீர் ஒருக்கா போன் எடுத்துக் கேளும் தம்பி. கொல்லுற வேலையெண்டால் வேண்டாம்."

விமலநாதன் கேட்டான். மறுமுனையில் ஒரு பெண் நெடுநேரம் ஏதோ சொன்னார். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். "இறைச்சிக்கு இல்லையாம் அக்கா. மயிருக்காம். செம்மறி ஆட்டு மயிர் மாதிரி நூல் நூற்கிற முயலாம்."

அப்படியொரு முயல் உலகத்தில் இருப்பதையே நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

பண்ணைக்காரியின் பெயர் மடாம் கரோன். அறுபது வயது கடந்த விதவை. இளமையில் மொன்றியலில் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்ததால் கொஞ்சம் இங்கிலிஷ் பேசுவார். இந்திராக்காவிடம் இருந்ததும் கொஞ்ச இங்கிலிஷ்தான். முதல் நாள் லொங்குய்ய் மெத்றோ ரயில் நிலைய வாசலில் காருடன் வந்து ஏற்றிப்போனவர், நேரே கொட்டிலுக்குக் கூட்டிப்போய் ஒரு கூட்டைத் திறந்து ஒரு முயலைத் தூக்கி இந்திராக்காவின் மடியில் வைத்தார். அங்கோரா என்ற இனம். எங்கள் ஊரில் சடைநாய் என்போமே, அதுபோல இது சடைமுயல். காது நுனியிலும் பூப்போல ஒரு குஞ்சம். உடம்பு எங்கே, உரோமம் எங்கே என்று தெரியாது. மடாம் கரோனின் விரல்கள் மூட்டுவாதத்தால் வளைந்து போயிருந்தன. சீப்பைப் பிடிக்க முடியாது. நாற்பது முயல்கள், வாரத்துக்கு இரண்டு தரம் ஒவ்வொன்றையும் சீவ வேண்டும். சீவாவிட்டால் உரோமம் சிக்குப்பட்டு, தோலை இழுத்து, புண் வைக்கும்.

இந்திராக்கா சீப்பை வாங்குவதற்கு முன் ஒன்று சொன்னார். "நான் கொல்ல மாட்டன். கொல்லக் குடுக்கவும் மாட்டன்." மடாம் தலையாட்டினார். முதல் பாதிக்குத்தான் அவர் தலையாட்டினார் என்பது பிறகுதான் விளங்கியது.

ஒரு மாதத்தில் அந்த வேலை அவர் கைக்குப் பிடிபட்டுவிட்டது. முயலை மடியில் இருத்தி, அடுப்பூதுவது போல உரோமத்துக்குள் வாயால் ஊதுவாராம். ஊதும்போது சடை இரண்டாகப் பிரிந்து தோல் தெரியும். சிக்கு இருந்தால் அங்கேதான் இருக்கும். அதை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, பிறகுதான் சீப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முற்றிய உரோமத்தை எடுப்பார்கள். அது தானாகக் கழன்று வருகிற பருவம், முயலுக்கு நோகாது. வேலையால் வரும் இந்திராக்காவின் கறுப்புக் குளிர்ச்சட்டை முழுதும் வெள்ளைப் பஞ்சு. "மெத்றோவில ஒரு மனிசி எனக்குப் பக்கத்தில இருந்துபோட்டு எழும்பிப் போட்டுது," என்று சிரிப்பார். அவர் சிரித்து அதுவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பங்குனியில் முயல்கள் சாகத் தொடங்கின.

முதலில் ஒரு தாய் முயல். இரண்டு நாள் தீன் எடுக்கவில்லை; மூன்றாம் நாள் கூட்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது. பத்து நாளில் இன்னும் இரண்டு. மிருக வைத்தியர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். இரைப்பைக்குள் கைப்பிடியளவு உரோம உருண்டை. முயல் தன்னை நாக்கால் நக்கித் துப்புரவாக்கும்போது உரோமத்தை விழுங்குகிறது. பூனை என்றால் சத்தி எடுத்துத் தள்ளிவிடும். முயலுக்குச் சத்தி எடுக்க வராது. சடைமுயல் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள தலையிடிதான் இது என்று வைத்தியர் சொன்னார். மடாம் அன்னாசிச் சாறு பருக்கிப் பார்த்தார். நோய் முற்றிய முயல்களுக்கு அதனால் பயனில்லை.

இந்திராக்கா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "என்ர கையாலதானே சீவினனான். எனக்கெல்லோ தெரிஞ்சிருக்கவேணும்," என்றார்.

அடுத்த நாளிலிருந்து அவர் செய்த காரியம் யாரும் விரும்பிச் செய்கிற ஒன்றல்ல. ஒவ்வொரு கூட்டின் கீழும் உள்ள தட்டைக் கூட்டித் துப்புரவாக்குவதும் அவர் வேலைதான். கொட்டுவதற்கு முன் புழுக்கைகளைக் கிளறிப் பார்க்கத் தொடங்கினார். சுகமான முயலின் புழுக்கை கடலை போல உதிரியாக இருக்கும். சில கூடுகளில் மட்டும் ஒரு புழுக்கையும் மற்றதும் உரோமத்தால் தொடுபட்டு, மாலை கோர்த்தது போல வந்தன. அப்படி மாலை கோர்த்த முயல்தான் ஒரு வாரம் கழித்துத் தீனை விடுகிறது என்பதைக் கண்டுபிடித்தார். இன்னொன்றையும் கண்டார். வாசலோரம், காய்ந்த புல் அடுக்கிய இடத்துக்குப் பக்கத்துக் கூட்டில் ஒரு கிழட்டு முயல் இருந்தது. அது கம்பிக்குள்ளால் நாள் முழுதும் புல்லை இழுத்து இழுத்துத் தின்னும். அதன் தட்டில் ஒருநாளும் மாலை இல்லை.

மற்ற முயல்களுக்குத் தானியத்தை அரைத்து அமுக்கிய குச்சித் தீன்தான் முக்கியம். மடாம் அதை மூலே என்பார். புல் பேருக்கு ஒரு பிடி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மடாம் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, வெறும் தேத்தண்ணியுடன் இருந்த இந்திராக்கா சொன்னார்: "இதுகளுக்கும் வெள்ளிக்கிழமையில மூலே வேண்டாம். புல்லும் தண்ணியும் மட்டும் குடுப்பம். வயிறு ஒரு நாள் ஆறட்டும்."

மடாம் கரோனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ உன் கடவுளுக்காகப் பட்டினி கிட. என் முயல்கள் ஏன் கிடக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அவற்றைக் கூட்டிப்போகவா?"

"கடவுளுக்கு இல்லை. வயித்துக்கு," என்றார் இந்திராக்கா. எழுந்து போய் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து மடாமின் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தார், ஒன்றில் உதிரிப் புழுக்கை, மற்றதில் மாலை. மடாம் கத்திய கத்தல் கொட்டிலுக்கு வெளியே கேட்டிருக்கும். கத்தி முடித்த பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

கொட்டிலில் இரண்டு வரிசைக் கூடுகள். வலப்பக்கத்து வரிசைக்கு மட்டும் வெள்ளிக்கிழமைகளில் புல்லும் தண்ணீரும் என்று முடிவாயிற்று. இரண்டு மாதம் போனது. இடப்பக்கத்தில் இரண்டு செத்தன, மூன்று நோயில் விழுந்து எழும்பின. வலப்பக்கத்தில் ஒன்றின் தட்டில் மட்டும் மாலை கண்டது; நாலு நாளில் அதுவும் மாறிவிட்டது. ஒன்பதாவது வெள்ளிக்கிழமை காலை மடாம் கரோன் மூலே அள்ளும் குவளையுடன் கொட்டிலுக்குள் வந்தார். இடப்பக்க வரிசையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குவளையை ஆணியில் கொழுவிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த முறை வந்த மிருக வைத்தியர், வேறு சில பண்ணைகளிலும் இப்படி ஒரு நாள் வெறும் புல் கொடுப்பதுண்டு என்றாராம். தன் கண்டுபிடிப்பு புதிதல்ல என்று இந்திராக்கா வருத்தப்படுவாரோ என்று நினைத்தேன். அவருக்கோ பெரிய சந்தோஷம். "பாத்தியே பிள்ளை, எனக்கு மட்டும் விசர் இல்லை!"

அந்த வருடம் புரட்டாசியில்தான் பெரிய சண்டை வந்தது. குட்டிகள் பெருகிக் கூடுகள் போதவில்லை. வயதுபோன தாய்களும் மேலதிக ஆண்களுமாகப் பதினொரு முயல்களை இறைச்சிக்காரனிடம் அனுப்ப மடாம் பெட்டிகளை எடுத்து வைத்தார். இந்திராக்கா கூடுகளைத் திறக்க மறுத்தார். முதல் நாளே சொன்னேனே என்றார். வருடா வருடம் இதுதான் வழக்கம், எல்லாவற்றையும் வைத்துச் சோறு போட முடியுமா என்றார் மடாம். இந்திராக்கா குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு பெரும் தெருவரை நடந்து, பஸ் ஏறி வந்துவிட்டார்.

இரண்டு நாள் வீட்டில் இருந்தார். எங்கள் ஆறு பேருக்கும் சமைத்தார், ஜன்னல்களைத் துடைத்தார், என் உடுப்புப் பெட்டியை நான் கேட்காமலே அடுக்கினார். மூன்றாம் நாள் விடிய வெளிக்கிட்டார்.

"எங்க அக்கா?"

"ஆர் சீவுறது? மூண்டு நாளாச்சு. சிக்குப் பிடிச்சிருக்கும்."

போனபோது நாலு கூடுகள் வெறுமையாக இருந்தன. அந்தப் பதினொன்றில் ஏழு முயல்கள் மிஞ்சியிருந்தன. இந்திராக்கா நேரே சீப்பை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாராம். பின்னேரம் மடாம்தான் பேச்சைத் தொடங்கினார்: இந்த ஏழையும் நீயே யாருக்காவது கொடு, ஒரு மாதம் தருகிறேன். விமலநாதன் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்த அட்டைகளை இந்திராக்கா லொங்குய்ய் நூல்கடைகளில் ஒட்டினார். வீட்டிலே நூல் நூற்கும் பெண்கள் சிலர் வந்து பார்த்தார்கள். ஆண் முயலின் உரோமமும் உரோமம்தானே. ஐந்து போயின. மற்ற இரண்டும் மாதம் முடிந்தும் அங்கேயே இருந்தன. மடாம் கரோன் அதைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை. போன அந்த நாலைப் பற்றி இந்திராக்காவும் ஒருநாளும் கதைத்ததில்லை.

அடுத்த மாசியில் மடாம் கரோன் கை சத்திரசிகிச்சைக்குப் போனார். ஆறு வாரம் பண்ணை இந்திராக்காவின் பொறுப்பு. அங்கேயே தங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அவரைப் பார்க்கப் போனேன். வெளியே கண்ணைத் திறக்க முடியாத குளிர். கொட்டிலுக்குள் போனால், இந்திராக்கா ஒரு கையால் சட்டையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தண்ணீர்க் கிண்ணங்களிலிருந்த பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, நெஞ்சு நோகுதோ?"

"கிட்ட வா. குளிர்ந்த கையால தொடாத."

சட்டைக்குள் ஏழு முயல் குட்டிகள். உரோமம் முளைக்காத, கண் திறக்காத, பெருவிரல் அளவு உயிர்கள். முதல் பேறு கண்ட ஒரு தாய், புல்லும் தன் வயிற்று உரோமமும் போட்டுக் கூடு கட்டவேண்டிய பெட்டிக்குள் ஈனாமல், கம்பித் தட்டிலேயே ஈன்றுவிட்டதாம். காலையில் பார்த்தபோது குட்டிகள் கல்லுப்போலக் குளிர்ந்து கிடந்தன. செத்தவை என்று எறிந்திருக்கலாம். இந்திராக்கா ஒவ்வொன்றாகத் துடைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"அசையுதோ?"

"நாலு அசையுது. மற்ற மூண்டும் யோசிக்குதுகள்."

நான் அவருக்காகத் தண்ணீர் ஊற்றினேன், புல் போட்டேன். மத்தியானத்துக்குள் ஆறு குட்டிகள் நெளிந்தன. ஏழாவது நெளியவில்லை; அதைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்தார். பிறகு வேறொரு முயலைச் சீவி எடுத்த உரோமத்தால் பெட்டியில் கூடு கட்டி, ஆறையும் வைத்து, தாயைப் பிடித்து அதன்மேல் மெதுவாக இருத்தி, பால் குடிக்கும் சத்தம் கேட்கும்வரை குனிந்தபடியே நின்றார். இந்த மனிசியை ஒரு தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருத்தி, ஆள் கூடிப்போச்சு என்று அனுப்பினார்களே என்று நான் அப்போது நினைத்தேன்.

1989 கோடையில் ரொறன்ரோவிலிருந்து இந்திராக்காவின் தம்பி வந்து, அங்கே தமிழ்ச் சனம் நிறைய, கோயில் இருக்கு, வாங்கோ என்று கூப்பிட்டார். "என்ர நாப்பத்தெட்டையும் கொண்டு வரலாமெண்டால் வாறன்," என்றார் இந்திராக்கா. தம்பி தனியாகத்தான் திரும்பினார். இந்திராக்கா எங்கள் அறையை விட்டு மடாம் வீட்டின் நிலக்கீழ் அறைக்குக் குடிபோனார். வழக்கு முடிந்து கடிதம் வந்தபோதும் அவருடைய விலாசம் அதுதான்.

அந்த ஆவணியில் ஒரு விவசாயக் கண்காட்சிக்கு, கம்பித் தட்டில் பிறந்த அந்த ஆறில் ஒரு பெண் முயலை இருவரும் கொண்டுபோனார்கள். படிவத்தில் வளர்த்தவர் பெயர் என்று கேட்ட இடத்தில் மடாம் கரோன் இந்திராதேவியின் முழுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, சத்திரசிகிச்சை செய்த கையாலேயே எழுதினார். முயலுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. பார்க்கப் போயிருந்த நானும் விமலநாதனும் கைதட்டினோம். இந்திராக்காவின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"என்னக்கா, முதலிடம் வரேல்லை எண்டோ?"

"அதில்லையடி. அந்த நடுவர் முயலைத் தூக்கினவிதத்தைப் பாத்தனியே? பின்பக்கத்துக்குக் கை குடுக்காமத் தூக்கிறான். முள்ளந்தண்டெல்லோ முறியும்!" என்றவர், மடாமைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்த மனிதருக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதற்காகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.