ஏறவில்லை என்றேன்

என் மனைவியிடம் நான் பொய் சொன்னேன். அதுவும் அவள் இரத்தத்தைப் பற்றியே சொன்னேன்.

நகரியில் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். என் மனைவி கோமளாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். திருப்பதியில் அறுவை செய்து, மருந்தும் ஏற்றி முடித்திருந்தார்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கொரு முறை இரத்தம் கொடுப்பாள். சிஏ-125 என்று ஓர் அளவு வரும். அது ஏறினால், வலி எதுவும் தெரியாதபோதே நோய் திரும்புகிறது என்று பெரும்பாலும் பொருள். எங்கள் வீட்டில் அதற்கு ‘நெம்பர்’ என்றே பெயர்.

அந்த ஆண்டுதான் எங்கள் மகன் முரளிக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. விசாவும் வந்துவிட்டது. எங்கள் தெருவிலிருந்து கடல் தாண்டப் போகும் முதல் பிள்ளை... நான் எப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்று இப்போது சொல்லவே கூசுகிறது.

கோமளா ஒன்றே ஒன்று கேட்டாள். “இந்த வாட்டி நெம்பர் ஏறிச்சுன்னா அவன் போவ வேணாம். கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும். ஏறலன்னா நானே வந்து ஏத்தி உடறேன்.”

முடிவை வாங்க நான் மட்டும் திருப்பதிக்குப் போனேன். ஏறியிருந்தது. கொஞ்சமல்ல, பல மடங்கு. உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும், அழைத்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதம் வருகிறோம் என்றேன். புத்தூர் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதேன். வீட்டுக்குள் நுழையும்போது என் முகத்தில் ஒன்றுமில்லை.

“இன்னா வந்துச்சு?”

“ஏறல.”

சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். “அப்ப போய்ட்டு வரட்டும்.”

மெட்ராஸ் விமான நிலையத்தில் அவள் அழவே இல்லை.

அவன் போன பிறகு ஸ்கேன் எடுத்தோம். வயிறெல்லாம் பரவியிருந்தது. டாக்டரம்மாவைத் தனியே கேட்டேன். “முன்னாடியே வந்திருந்தாலும் ஆயுசு கூடியிருக்கும்னு சொல்ல முடியாது சார்” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிழைக்கப் பார்த்தேன். ஆனால், கோமளா என்னிடம் கேட்டது ஆயுளையா? பிள்ளையோடு சில நாட்களைத்தானே...

கடைசி வாரத்தில் அவளே கேட்டாள். “அப்பவே ஏறியிருந்துச்சா?”

“இல்ல” என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நம்பினாளா? நம்பாமலே என்னை விட்டுவிட்டாளா? முரளி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவனுக்கு இன்றுவரை தெரியாது. ஞாயிறுதோறும் போன் செய்கிறான். போன வாரம் சொன்னான்: “அம்மா சிரிச்சிக்கினே அனுப்பினாங்க நைனா. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்.”

உண்மையைச் சொன்னால் அதையும் பறித்தவனாவேன். சொல்லாமல் இருப்பது அவனுக்காகவா, எனக்காகவா? எனக்கே தெரியவில்லை...

“சாப்ட்டியாப்பா?” என்று கேட்டேன்.