கூப்பிட்டால் இருவர் வந்தார்கள்

என் கணவரின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பக்தியெல்லாம் ஒன்றுமில்லை, பழக்கம். சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்று ஒரு குரல் கொடுப்பேன். கூடத்திலிருந்து "வாரேன்" என்று பதில் வரும். ஆள் வராது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடித்தனம் இந்த இரண்டு சொற்களில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோவை உக்கடத்தில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறோம். சில வருஷங்களுக்கு முன் மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கண்டுபிடித்தேன் என்பது சும்மா. அவர்கள் கையில் ஊர்ப் பெயர் சரியாகவே இருந்தது, காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டோம். ஆனால் அன்றிலிருந்து, கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் எந்த நாட்டில் இருந்தாலும் என் வாட்ஸ்அப் எண் அவர்களுக்கு எப்படியோ கிடைத்துவிடுகிறது. "ஊர் பொழப்பையெல்லாம் நீயே பாத்துபோட்டா நம்ம பொழப்ப ஆரு பாக்கறது?" என்பார் கணவர். கேட்டுவிட்டு அவரே காரைக் கழுவவும் போவார்.

அப்படித்தான் போன பங்குனி மாதம் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தமிழில் அம்மா, சாமி, ரசம் மூன்றும் தெரியும், மற்றதெல்லாம் இங்கிலீஷ். போத்தனூர் ஸ்டேஷன் கூட்டத்தில் அவரைத் தேடி அலுத்து, வெளிநாட்டுக்காரர் மாதிரி தெரிந்த ஒரு முதுகைப் பார்த்து "ஏனுங்க" என்றேன். சட்டென்று திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார். எத்தனை தலைமுறை போனாலும் தமிழ் ரத்தத்தில் இருக்கிறது பாருங்கள் என்று கணவரிடம் வழியெல்லாம் பெருமையடித்துக்கொண்டு வந்தேன். விருந்தாளியை எங்கள் வீட்டு மாடியறையிலேயே தங்கவைத்தோம்.

அவர் தேடி வந்தது நிலத்தையோ சொந்தபந்தத்தையோ அல்ல. குடும்பத்தில் மிஞ்சியிருந்தது கோயம்புத்தூர் என்ற ஊரும், ஒரு குடும்பப் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளை நான் 'யெனூங்கா' என்று படித்தேன். அவரும் நாக்கைச் சுழற்றி ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார். அங்கே மற்ற தமிழர்களுக்கெல்லாம் சாமி பெயர் இருக்க, இவர்களுக்கு மட்டும் யாருக்கும் அர்த்தம் தெரியாத இந்தப் பெயர். "இது தமிழே இல்லை, நீங்கள் தமிழரே இல்லை" என்று அவருடைய அப்பாவைச் சின்ன வயதில் கோயில் வாசலில் வைத்தே கேலி செய்திருக்கிறார்கள். அந்த அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, படுத்த படுக்கை. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "அது தமிழ்தானா?" மகன் எங்கள் ஊர் வெயிலைப் பற்றிப் பேசுவார்.

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. யெனூங்கா என்பது ஏதோ ஓர் ஊர்ப் பெயரின் சிதைவு என்று முடிவு கட்டினேன். தாராபுரம் பக்கம் அப்படி ஓர் ஊர் இருக்கலாம் என்று யாரோ சொல்ல, கிளம்பினோம். ஏசி கார் வைத்திருக்கிற எங்களிடம் வந்து, முன்னோர் போன வழியில் போக வேண்டும், அதனால் பஸ்ஸில்தான் வருவேன் என்றார் வாத்தியார். அவருடைய முன்னோர் எந்த பஸ்ஸில் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. "ஏனுங்க, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்று கண்டக்டர் சொன்னால் இவர் அவருக்குக் கும்பிடு போட்டார். இளநீர்க்காரர் கூப்பிட்டார், அவருக்கும் ஒரு கும்பிடு. மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அமராவதி ஆற்றங்கரையில் முதல் ஊர். தோட்டத்து வாசலில் நின்ற பெரியவர் யோசித்தார். "ஏனுங்க அம்மணி, அது ஊரு பேருங்களா, ஆளு பேருங்களா? அப்படி ஒண்ணும் இந்தப் பக்கம் இல்லீங்களே." சொன்ன கையோடு, "வந்தது வந்துபோட்டீங்க, சாப்பிட்டுப்போட்டுத்தான் போவோணும்" என்று உட்கார வைத்துவிட்டார். அடுத்த ஊரிலும் அதே பதில், அதே சாப்பாடு. மூன்றாவது ஊரில் பெயர் கிடைக்காத வருத்தத்தைவிட, பாயசம் வந்துவிடுமோ என்ற பயம்தான் வாத்தியார் முகத்தில் அதிகமாகத் தெரிந்தது. பாயசமும் வந்தது. திரும்பும்போது ஜன்னலோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவிடம் இன்றைக்கு என்ன சொல்வது?" என்றார்.

அன்றும் வெயிலைப் பற்றித்தான் பேசினார்.

மறுநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "ஏனுங்க, காப்பி" என்று குரல் கொடுத்தேன். அதிசயமாகக் கணவர் உடனே வந்தார். அவர் பின்னாலேயே மாடியிலிருந்து வாத்தியாரும் இறங்கி வந்தார். மேடையில் ஒரே ஒரு டம்ளர். இருவரும் அதைப் பார்த்தார்கள். வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பாக நினைக்காதீர்கள். வந்த நாளிலிருந்து நீங்கள் என்னைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறீர்கள். ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறீர்கள் போல, மிகவும் நன்றி. உச்சரிப்பு கொஞ்சம் மாறுகிறது, அது பரவாயில்லை. ஆனால் என் பெயரைச் சொன்னால் உங்கள் கணவர் எதற்கு வருகிறார்?"

பால் பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

முதலில் விளங்கிக்கொண்டது என் கணவர்தான். சாப்பாட்டு மேசையில் துரை மாதிரி உட்கார்ந்து, கரண்டியைப் பேனாவாகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து இங்கிலீஷில் வாய்க்கு வந்ததை என்னவோ கேட்டார். ஒரு மண்ணும் புரியவில்லை. "ஏனுங்க?" என்றேன். "அவ்வளவுதான்" என்று அதையே காற்றில் எழுதினார். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். கப்பலேற்றும் இடத்தில் எவனோ ஒரு குமாஸ்தா புரியாத பாஷையில் பெயரைக் கேட்க, எங்கள் ஊர் மனிதர், என்ன கேட்டீர்கள் என்று மரியாதையாக ஒரு சொல் சொல்ல, அதையே பெயராக எழுதிவிட்டார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் அந்தக் குமாஸ்தா மேல் கொலைவெறி வந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் போட்டு மெல்லுகிற சொல்லைத் தேடித் தாராபுரம் வரை போன என் மேலும்தான்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "அப்படியானால் இது பெயரே இல்லை. ஒரு தவறு. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

ஆனாலும் சாயங்காலம் மறைக்காமல் சொல்லிவிட்டார். திரையில் அவருடைய அப்பா, அந்தப் பெரியவர், என்னைப் பார்க்க வேண்டும் என்றார். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து எதிரே நின்றேன்.

"தமிழ்தானா?"

"தமிழ்தான். எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் யாரும் யாரையும் கூப்பிட முடியாது," என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"சரியாகச் சொல்லிக் காட்டுங்கள்."

வாழ்நாளெல்லாம் சொன்ன சொல். "ஏனுங்க" என்றேன்.

"வாரேன்" என்றார் கணவர், கூடத்திலிருந்து.

பெரியவர் கண்ணைச் சுருக்கினார். "அது யார்? என்ன சொன்னார்?"

"என் கணவர். இந்தப் பெயரில் கூப்பிட்டால் அப்படித்தான் பதில் சொல்வார். வருகிறேன் என்று அர்த்தம். வரமாட்டார்."

பெரியவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு தலையணையில் கையூன்றி, கொஞ்சம் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். "இன்னொரு முறை கூப்பிடுங்கள்."

"ஏனுங்க."

"வாரேன்" என்றார் பெரியவர்.

வாத்தியார் முகம் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார். கூடத்திலிருந்து என் கணவரும் எழுந்து வந்து, பக்கத்தில் நின்றார்.